டெர்பி ஸ்டேஷன் பக்கத்துப் பழைய பப்புக்கு அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

பொன்மலைப் பெண் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் 34 வருடம் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது அம்மாவும் அவரும் ஆறு வாரத்துக்கு லண்டனில் என்னோடு இருக்கிறார்கள். அடுத்த வியாழக்கிழமை ஷெஃபீல்டில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போகிறோம். ரயில் டெர்பி வழியாகத்தான் போகிறது. டெர்பியும் பொன்மலை மாதிரி ஒரு ரயில்வே ஊர் என்று அப்பாவுக்குத் தெரியும். "அங்க இறங்கி ரெண்டு மணி நேரம் பார்த்துட்டுப் போலாமா?" என்று வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே பிரன்ஸ்விக் இன் என்று ஒரு பழைய பப் இருக்கிறது, ரயில்வேக்காரர்களுக்காகவே கட்டியது, அங்கே உட்கார்ந்தால் அப்பாவுக்குப் பிடிக்கும் என்று என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் சொன்னார். எனக்குத்தான் தயக்கம். அப்பா குடிக்க மாட்டார். எங்கள் தெரு முனையில் ஒயின் ஷாப் வந்த பிறகு அம்மா கோயிலுக்கே சுற்றுவழியில்தான் போவார். 'பார்' என்ற சொல்லே அவருக்கு ஆகாது. அதோடு சுத்த சைவம். இவர்களை வைத்துக்கொண்டு உள்ளே போய் நான் என்ன கேட்பது, எங்கே உட்காருவது? 'ரியல் ஏல்' என்று பலகை போட்டிருப்பார்களாமே, அது சாதாரண பீரிலிருந்து எப்படி வேறு? நான் ஒரு வாய் குடித்துப் பார்க்கலாம் என்றுதான் நினைக்கிறேன். போய்ப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

லெஸ்டர்வாசி எழுதியது:

தயங்காமல் போங்கள். பகலில் பாதிப் பேர் காபியும் சாப்பாடுமாகத்தான் இருப்பார்கள். ஆனால் முதலில் டிக்கெட்டைப் பாருங்கள். 'அட்வான்ஸ்' வகை டிக்கெட் என்றால் நடுவில் இறங்கிவிட்டு அடுத்த ரயிலில் ஏற முடியாது. 'ஆஃப் பீக்' டிக்கெட்டில் பெரும்பாலும் வழியில் இறங்கிப் போகலாம். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

டெர்வென்ட்கரை எழுதியது:

தங்கைக்கு வணக்கம். டெர்பியில் எனக்கு இது 19-வது வருடம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்தால் அந்தப் பப்பில்தான் இருப்பேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அம்மாவின் பயம். ஒயின் ஷாப்பை ஒட்டிய பாரை மனதில் வைத்துக்கொண்டு இந்த இடத்தைப் பார்க்க வேண்டாம். இருட்டு இல்லை, இரைச்சல் இல்லை. 2007 ஜூலை முதல் உள்ளே யாரும் புகை பிடிப்பதும் இல்லை. கல் பாவிய தரை, ஒன்றிலிருந்து ஒன்றாகப் போகும் சிறு அறைகள், சுவரெல்லாம் பழைய ரயில்வே படங்கள். மதியம் இரண்டு மணிக்குப் போனால் செய்தித்தாள் படிக்கும் பெரியவர் ஒருவர், காலடியில் படுத்திருக்கும் நாய் ஒன்று, பெட்டியோடு ரயிலுக்குக் காத்திருக்கும் நாலு பேர், அவ்வளவுதான். மாலை ஐந்துக்கு மேல் கூட்டம் சேரும். நீங்கள் மதியமே போங்கள்.

வழி மிக எளிது. ஸ்டேஷன் முன்வாசலில் வெளியே வந்து வலது பக்கம் ரயில்வே டெரஸ் தெருவில் நடந்தால் மூன்று நிமிடம். ஆனால் நேராக உள்ளே நுழைந்துவிடாதீர்கள். அப்பாவை முதலில் தெருவிலேயே கொஞ்ச நேரம் நிற்க வையுங்கள். பப்பை ஒட்டி வரிசையாகச் செங்கல் வீடுகள் தெரியும். 1841, 42-ல் நார்த் மிட்லண்ட் ரயில்வே தன் தொழிலாளர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு அது. ரயில்வே கம்பெனி தன் ஆட்களுக்குக் கட்டிக்கொடுத்த வீடுகளில் மிகப் பழைய வரிசைகளில் ஒன்று. பப்பும் அந்தக் கட்டடத் திட்டத்தின் ஒரு பகுதிதான். வீடுகளை வரைந்தவர் ஃபிரான்சிஸ் தாம்சன். டெர்பி ஸ்டேஷனை வரைந்தவரும் அவரே. ஸ்டேஷனின் அந்தப் பழைய முகப்பை 1985-ல் இடித்துவிட்டார்கள். வீடுகளும் இடிபட இருந்தவைதான். டெர்பிஷைர் வரலாற்றுக் கட்டட அறக்கட்டளை முன்வந்து எடுத்துப் புதுப்பித்ததால் பிழைத்தன. பப் பல வருடம் பூட்டிக் கிடந்து 1987-ல் திறந்தது. 1991-ல் பின்பக்கத்தில் பீர் காய்ச்சச் சொந்தமாகச் சின்ன ப்ரூவரி ஒன்றும் வைத்தார்கள்.

பொன்மலைப் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து 1928-ல் வந்தது, கூடவே காலனியும் வந்தது என்பதெல்லாம் உங்கள் அப்பாவுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பணிமனைச் சங்கு ஊதினால் ஊரே எழுந்துகொள்ளும் வாழ்க்கையை வாழ்ந்தவர் அவர். இந்தத் தெருவில் வந்து நின்றால் அவருக்கே எல்லாம் புரியும்.

இனி ரியல் ஏல். இதை நான் மனதார நேசிக்கிறேன், அதனால் சரியாகச் சொல்லிவிட வேண்டும்.

'கெக்' என்ற உலோகப் பீப்பாயில் வரும் சாதாரண பீரைத் தொழிற்சாலையிலேயே வடிகட்டி, ஈஸ்டை நீக்கி, பெரும்பாலும் சூடுபடுத்தி, வாயு ஏற்றி அனுப்புவார்கள். பப்புக்கு வரும்போது அது முடிந்துபோன பொருள். ரியல் ஏல் அப்படி இல்லை. ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே பீப்பாயில் அடைத்து அனுப்புகிறார்கள். பப்பின் நிலவறையில் வந்த பிறகும் அது நொதித்துக்கொண்டிருக்கும். அம்மாவுக்கு ஒரே வரியில் புரிய வேண்டுமென்றால் இட்லி மாவைச் சொல்லுங்கள். அரைத்து வைத்த பிறகும் பாத்திரத்துக்குள் வேலை நடக்கிறதே, அதே மாதிரிதான். அப்பாவுக்குக் கள்ளைச் சொல்லுங்கள். காலையில் இறக்கியது சாயங்காலம் வேறு ருசியாகிவிடும் அல்லவா?

அதனால்தான் நிலவறையைப் பார்த்துக்கொள்பவரின் கை இதில் இவ்வளவு முக்கியம். பீப்பாய் வந்ததும் அசையாமல் கிடத்தி, அடைப்பில் சின்ன மர ஆணி ஒன்றைச் செருகி, அதிகப்படி வாயுவை மெதுவாக வெளியே விட்டு, ஈஸ்ட் அடியில் படியும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் கலங்கல், ஏமாந்துவிட்டால் சப்பென்று போய்விடும். சூடு 11 முதல் 13 டிகிரிக்குள் நிற்க வேண்டும். 'வெதுவெதுப்பான பீர்' என்று பலர் சொல்வது தவறு. அது பானைத் தண்ணீரின் குளிர்ச்சி. பனிக்கட்டிக் குளிர் நாக்கை மரக்க வைத்துவிடும், இந்தக் குளிர்ச்சியில்தான் மால்ட் என்ற முளைகட்டிய தானியத்தின் இனிப்பும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பும் தனித்தனியாகத் தெரியும். பெரும்பாலான பப்புகள் வாங்கும் பீப்பாய்க்கு 'ஃபர்க்கின்' என்று பெயர். ஒன்பது கேலன், அதாவது 72 பைண்ட் (ஒரு பைண்ட் 568 மில்லி). திறந்துவிட்டால் காற்றுப் பட ஆரம்பித்துவிடும், சுமார் மூன்று நாளில் விற்றாக வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள், எந்த ஊர்ப் பப்புக்குப் போனாலும் உதவும். கவுண்டரில் பீர் ஊற்றும் கைப்பம்புகளை எண்ணிப் பாருங்கள், பிறகு ஆட்களை எண்ணிப் பாருங்கள். பம்பு பன்னிரண்டு, ஆள் மூன்று என்றால் பீர் பழசாகத்தான் இருக்கும். வேறொரு ஊரில் எனக்கு அப்படி நடந்தது. முதல் வாயிலேயே காடி மணம். கண்ணாடித் தம்ளரைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பெண் மோந்து பார்த்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை, வேறு பீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பம்பில் மாட்டியிருந்த பெயர்ப் பலகையைத் திருப்பி வைத்தார். பலகை திரும்பியிருந்தால் அந்த பீர் அன்றைக்கு இல்லை என்று அர்த்தம். கெட்டதைத் திருப்பிக் கொடுக்கக் கூச்சப்பட வேண்டாம். நல்ல பப்புக்காரர்கள் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்த மாதிரி பீரே அழிந்திருக்க வேண்டியது. பெரிய கம்பெனிகள் கெக் பீருக்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில், 1971-ல் நான்கு நண்பர்கள் சேர்ந்து கேம்ரா என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். 'ரியல் ஏல்' என்ற பெயரே அவர்கள் வைத்ததுதான். 1974 முதல் நல்ல பீர் கிடைக்கும் பப்புகளின் கையேட்டை ஆண்டுதோறும் போடுகிறார்கள். சாதாரணமாகப் பீர் குடிப்பவர்கள் சேர்ந்து ஒரு பொருளைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மரியாதை வருகிறது.

சரி, உள்ளே போய் என்ன செய்வது? மேசையில் உட்கார்ந்து காத்திருந்தால் யாரும் வர மாட்டார்கள். நான் 2006-ல் முதல் தடவை போனபோது இருபது நிமிடம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன், பக்கத்து மேசைப் பெரியவர்தான் எழுந்து வந்து சொன்னார். நீங்களே கவுண்டருக்குப் போக வேண்டும். வரிசை இருக்காது, ஆனால் யாருக்குப் பிறகு யார் என்று ஊற்றுபவருக்கும் தெரியும், நிற்பவர்களுக்கும் தெரியும். "இவர் எனக்கு முன்னால் வந்தவர்" என்று விட்டுக்கொடுப்பது அங்கே பெரிய நாகரிகம். உங்கள் முறை வந்ததும், "இதற்கு முன்னால் குடித்ததில்லை, கசப்புக் குறைவாக எது நன்றாக இருக்கிறது?" என்று கேளுங்கள். சின்னத் தம்ளரில் ஒரு வாய் ருசி பார்க்கக் கொடுப்பார்கள், அதற்குக் காசு இல்லை. பிடித்திருந்தால் அரை பைண்ட் போதும், 284 மில்லி. 'மைல்ட்' இருந்தால் அதில் தொடங்குங்கள். கருப்பாக இருக்கும், போதை குறைவு, வறுத்த தானிய வாசம் வரும். பைண்ட் ஒன்று நான்கைந்து பவுண்டு, அரை பைண்ட் அதில் பாதி.

அப்பாவுக்கு ஜிஞ்சர் பீர் வாங்கிக் கொடுங்கள். பெயரில்தான் பீர், உள்ளே இஞ்சிக் காரம்தான். அம்மாவுக்குச் சீஸும் வெங்காயமும் வைத்த 'காப்' கிடைக்கிறதா என்று பாருங்கள். இந்தப் பக்கத்தில் உருண்டை பன்னுக்கு அதுதான் பெயர்.

அப்புறம், அப்பாவைக் கவுண்டருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பீர் ஊற்றும் கைப்பம்பை அவர் பார்க்க வேண்டும். வாயு அழுத்தம் எதுவும் இல்லை. கைப்பிடியை இழுத்தால் சிலிண்டரில் பிஸ்டன் ஏறி நிலவறையிலிருந்து பீரை உறிஞ்சுகிறது. கிணற்றடிக் கைப்பம்பின் தம்பி என்று சொல்லலாம். 1797-ல் இதற்குக் காப்புரிமை எடுத்தவர் ஜோசப் பிராமா. அதற்கு இரண்டு வருடம் முன்னால் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கியவரும் இவர்தான். ஃபிட்டர் ஒருவருக்கு இதைவிட நல்ல அறிமுகம் என்ன இருக்கிறது!

நேரம் மிஞ்சினால் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் ரவுண்ட்ஹவுஸ் இருக்கிறது. 1839-ல் எஞ்சின்களைத் திருப்பி நிறுத்தக் கட்டிய வட்டக் கொட்டகை, இப்போது கல்லூரி. வெளியிலிருந்து பார்த்தாலே அந்தக் கூரை தெரியும். ஆனால் இரண்டு மணி நேரத்தில் இரண்டையும் அவசர அவசரமாகப் பார்க்காதீர்கள். ஒன்றுதான் முடியும் என்றால் பப்பில் உட்காருங்கள்.

வன்னியூரான் எழுதியது:

தங்கச்சி, நீங்கள் ரயில் ஏறப்போகிற சென்ட் பேங்க்ராஸ் ஸ்டேஷனிலேயே இந்தக் கதை தொடங்குகிறது. கட்டாயம் அப்பாவுக்குக் காட்டுங்கோ.

1868-ல் டெர்பியைத் தலைமையிடமாகக் கொண்ட மிட்லண்ட் ரயில்வேதான் அந்த ஸ்டேஷனைத் திறந்தது. பக்கத்துக் கால்வாய்க்கு மேலால் தண்டவாளம் வரவேண்டியிருந்தபடியால் பிளாட்பாரம் எல்லாம் உயரத்தில் இருக்கு. அதற்குக் கீழே வந்த பெரிய இடத்தை பர்ட்டன் ஊர் பீருக்கென்றே ஒதுக்கினார்கள். பர்ட்டன், டெர்பியிலிருந்து ரயிலில் கால்மணித்தியாலமும் இல்லை. அந்தத் தண்ணீரில் ஜிப்சம் இருப்பதால் கசப்புப் பீருக்குப் பேர்போன ஊர். இந்தியாவுக்குக் கப்பலில் போன 'பேல் ஏல்' என்ற வெளிர்நிறப் பீர் அங்கேதான் பெருமளவில் காய்ச்சப்பட்டது. பீப்பாய் ஏற்றிய வேகன்களை ஹைட்ராலிக் லிஃப்டில் கீழே இறக்குவார்களாம்.

கீழே நிற்கிற இரும்புத் தூண்களின் இடைவெளியைக் கவனியுங்கோ. பீர் பீப்பாயின் நீளத்தையே அளவுகோலாக வைத்துத்தான் அந்தத் தளத்தை வகுத்ததாக, அதைக் கட்டிய எஞ்சினியர் வில்லியம் பார்லோவே எழுதி வைத்திருக்கிறார். 2007 முதல், கடலடிச் சுரங்கம் வழியாகப் பாரிஸ் போகும் யூரோஸ்டார் ரயிலின் பயணிகள் வரிசையில் நிற்பது அந்தப் பீப்பாய்க் கிடங்கில்தான். நான் அந்த ஸ்டேஷனில் ஏழு வருசம் வேலை செய்தனான். தினமும் அந்தத் தூண்களைத் தொட்டுக்கொண்டுதான் போவேன்.

முட்டையும் உண்ணாதவன் எழுதியது:

டெர்வென்ட்கரை ஐயாவிடம் ஒரு கேள்வி. ரியல் ஏலில் மீன் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா? நான் சைவம், ஆனால் எப்போதாவது பீர் குடிப்பேன்.

டெர்வென்ட்கரை எழுதியது:

உண்மைதான், நல்ல வேளையாகக் கேட்டீர்கள். நான் முன்பே எழுதியிருக்க வேண்டும். ஈஸ்டைச் சீக்கிரம் அடியில் படிய வைக்க 'ஐசிங்கிளாஸ்' என்ற பொருளைப் பீப்பாயில் சேர்ப்பார்கள். மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது அது. பெரும்பகுதி ஈஸ்டோடு சேர்ந்து அடியில் போய்விடும் என்றாலும், சைவம் என்று வாழ்பவருக்கு அந்தச் சமாதானம் போதாது. இப்போது அதைச் சேர்க்காமலே பல ப்ரூவரிகள் பீர் அனுப்புகின்றன. கவுண்டரில் "அன்ஃபைண்ட் பீர் (அதாவது அது சேர்க்காத பீர்) இருக்கிறதா?" என்று கேளுங்கள், அல்லது பம்புப் பலகையில் 'வீகன்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். தம்ளரில் லேசாகக் கலங்கலாக இருக்கும், அது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. காடி மணம் வந்தால்தான் கெட்டது.

தங்கையே, நீங்களும் சைவம் என்றால் இதைக் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

பொன்மலைப் பெண் எழுதியது:

போய்விட்டு வந்தோம். எல்லோருக்கும் நன்றி, டெர்வென்ட்கரை அண்ணாவுக்குத் தனியாக ஒரு நன்றி.

சென்ட் பேங்க்ராஸில் கீழ்த்தளத்தில் அப்பா இரண்டு தூண்களுக்கு நடுவே அடி வைத்து அளந்தார். ரயிலை விட்டுவிடுவோமோ என்று எனக்குப் பதற்றம். டெர்பியில் இறங்கிய பிறகு அந்த வீட்டு வரிசை முன்னால் கால்மணி நேரம் அப்படியே நின்றார். எதுவும் பேசவில்லை. அம்மாதான், "நம்ம காலனியில வாசல் இதைவிட அகலம்" என்றார். அப்பா அதற்கும் தலையை மட்டும் ஆட்டினார்.

பப் வாசலில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே போய் உட்கார்ந்து சுற்றிப் பார்த்த பிறகுதான் விட்டார். பக்கத்தில் பாட்டி ஒருவர் தனியாக உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார், முன்னால் அரை பைண்ட். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பாட்டி நூலைக் காட்டி ஏதோ சொல்ல, அம்மா தன் பையிலிருந்த கூடைப் பின்னலை எடுத்துக் காட்டினார். இருவருக்கும் ஒரு சொல்கூடப் பொதுவாக இல்லை, ஆனால் அரைமணி நேரம் பேசினார்கள். 'காப்' பிடித்திருந்தது, வெங்காயம் மட்டும் பச்சையாக எரிந்தது என்றார்.

எனக்குக் கருப்பு மைல்ட் அரை பைண்ட். மீன் விஷயத்தைக் கேட்டேன், ஊற்றியவர் பொறுமையாக எது எது சேராதது என்று காட்டினார். கடைசிச் சொட்டு வரை குடித்தேன். தொண்டையில் காபிக் கொட்டை வறுத்த மாதிரி ஒரு கசப்பு தங்கியது. அப்பா தம்ளரை வாங்கி மோந்து பார்த்து, "கள்ளு வாசம் இல்ல, ரொட்டி வாசம்" என்றார்.

அப்புறம் அவர் கண் கைப்பம்பை விட்டு நகரவில்லை. பிராமா பெயரைச் சொன்னதும், "பிரஸ் போட்ட பிராமாவா?" என்று எழுந்தே போய்விட்டார். கூட்டம் இல்லாததால் ஊற்றியவர் வெற்றுப் பம்பு ஒன்றை அவர் கையிலேயே கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொன்னார். அப்பா மூன்று தடவை இழுத்தார், காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டார், "ஒரு இழுப்புக்கு எவ்வளவு?" என்று என்னைக் கேட்கச் சொன்னார். அரை பைண்ட் என்று பதில் வந்ததும் டிக்கெட் உறையின் பின்னால் சிலிண்டரைப் படம் போட்டு விட்டத்தைக் கணக்குப் பார்க்க உட்கார்ந்துவிட்டார். நாங்கள் பிடிக்க இருந்த ரயில் அப்படியே போய்விட்டது, அடுத்ததில்தான் ஏறினோம். ரவுண்ட்ஹவுஸ் கூரையை ரயில் ஜன்னலிலிருந்துதான் பார்த்தார்.

அண்ணா, அப்பா ஒன்று கேட்கச் சொல்கிறார். பிஸ்டனில் சீல் பழைய பம்புகளில் தோல் வாஷராக இருந்திருக்குமா? இப்போது என்ன போடுகிறார்கள்? தெரிந்தால் எழுதுங்கள், தினமும் இரண்டு தடவை கேட்கிறார்.